மயிலாத்தாளின் விரல் மலைக்குப் போனது

அடுத்தவர் விரலைப் பிடித்து அழுத்துவதுதான் என் பிழைப்பு. எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், என் வீட்டுக்காரரின் மளிகைக் கடையை ஒட்டி ஒரு சேவை மையம் வைத்திருக்கிறேன். பென்ஷன், ரேஷன் கார்டு, வங்கிப் பணம், சிம் கார்டு, எதுவானாலும் கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடியின் மேல் விரலை வைத்தாக வேண்டும். வைப்பது நீங்கள், பதியவில்லை என்றால் திட்டு வாங்குவது நான். என் பெயர் ஜமீலா என்பது ஊரில் பலருக்கு மறந்தே போய்விட்டது. "வெரல் அம்மணி" என்றால்தான் வழி சொல்வார்கள்.

நீங்களும் அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றவர்தான். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்திருக்கும். என்னைப் போல ஒருத்தி "இன்னொரு வாட்டி வைங்க" என்று சொல்லியிருப்பாள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டியிருப்பார்கள். நான் நான்தானா என்று உங்களுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்திருக்கும். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்புவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே மஸ்டரிங் சமயத்தில் நடந்தவை. வயதானவர்களுக்கும் விதவைகளுக்கும் அரசு மாதாமாதம் தருகிற க்ஷேமப் பென்ஷனை வாங்குகிறவர்கள் நேரில் வந்து, விரல் வைத்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டுப் போவதற்குத்தான் எங்கள் பக்கம் மஸ்டரிங் என்று பெயர். குறித்த தேதிக்குள் காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பிறகு அதை மறுபடி ஓட வைப்பது, நின்றுபோன பழைய மோட்டாரை ஓட வைப்பது போலத்தான்.

சுத்தமான கை

முதல் ஆளாக வந்தவர் நல்லேப்பிள்ளியில் நெல் போடுகிற ஒருவர். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம், ஒன்றுகூடப் பதியவில்லை. வயல் வேலை செய்கிற கை காய்த்துப் போகும், இப்படி மழமழவென்று ஆகாது. துருவி விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கவர்மெண்ட் மெஷினில் சேற்றுக் கையை வைக்கக் கூடாது என்று முந்தின சாயங்காலம் துணி சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அப்படியும் மனசு ஆறாமல் குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்து விரல் நுனியெல்லாம் தேய்த்திருக்கிறார். ரேகை கல்லோடு போய்விட்டது.

கொஞ்ச நாள் கல் பக்கம் போகாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த முறை வயலிலிருந்து நேரே வந்தார், நகக்கண்ணெல்லாம் சேறு. ஈரத்துணியால் துடைத்து வைத்ததும் பச்சை எரிந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம். "மெஷினுக்கு மரியாதை குடுத்ததுதானுங்க தப்பாப் போச்சு" என்றார்.

கண்ணடிக்க மாட்டேன்

விரல் எடுக்காதவர்களுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்று வங்கியின் செயலியில் ஒரு வசதி வந்தது. போனை முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். எதிரில் இருப்பது போட்டோ அல்ல, ஆள்தான் என்று தெரிய, கண்ணை மூடித் திறக்கச் சொல்லும். தமிழ் மீடியம் பள்ளியில் பிள்ளைகளை நடுங்க வைத்த கணக்கு வாத்தியார் ஒருவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர், பணம் எடுக்க வந்தார். நான் எதிரே போனைப் பிடித்தபடி, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றேன். அவர் கரும்பலகையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எத்தனை சொல்லியும் இமை அசையவில்லை. கடைசியில் மளிகைக் கடையிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். உடனே வாத்தியார் இரண்டு கண்ணையும் அழகாக மூடித் திறந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு போகும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆயுசு பூரா ஒழுக்கமா இருந்துட்டேன், கடைசியில காசுக்காகக் கண்ணடிக்க வெச்சுட்டீங்களே அம்மணி" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

கட்டுப் போட்ட கட்டைவிரல்

எங்கள் உறவில் ஒரு மாமா, ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் வலது கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். காயமா என்று பதறினால், காயமும் இல்லை ஒன்றும் இல்லை. டீ கிளாஸில் படிந்த ரேகையை எடுத்து யாரோ வங்கிப் பணத்தைச் சுருட்டிவிட்டதாக அவருக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அன்றிலிருந்து டீக்கடையில் கைக்குட்டையால்தான் கிளாஸைப் பிடிக்கிறார். பில் போடும்போது மட்டும் கட்டை அவிழ்ப்பாராம்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவர் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஆதாரில் விரலைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்று சொல்லி, அவர் போனிலேயே பூட்டிக் கொடுத்தேன். திரையில் பூட்டுப் படத்தைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டவர், துணியை மட்டும் அவிழ்க்கவில்லை. ஏன் மாமா என்றதற்கு, "நீ பூட்டினது போனுக்கு உள்ளாற இருக்குற வெரலம்மா, வெளியில இருக்குறதுக்கு ஒரு கட்டாவது இருக்கட்டும்" என்றார்.

பெஞ்சின் இரண்டு முனைகள்

இனி நான் சொல்லப்போவது மயிலாத்தாளின் விஷயம். அந்த மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் கெட்டது அந்த அம்மாவால்தான்.

மயிலாத்தாளும் அவர் வீட்டுக்காரர் சின்னச்சாமியும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். ஒருவர் முன்வழியாக இறங்கினார், இன்னொருவர் பின்வழியாக. என் பெஞ்சிலும் அப்படியே, ஆளுக்கு ஒரு முனை. சண்டைக்குக் காரணம் ஊருக்கே தெரியும். மயிலாத்தாள் தன் சீட்டுப் பணத்தில் வாங்கி வளர்த்த எருமையை, அவர் ஒரு வார்த்தை கேட்காமல் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். பால் காசு போனதைக்கூட அந்த அம்மா பொறுத்துக்கொண்டிருப்பார். என்னுடையதை என்னைக் கேட்காமல் எப்படி விற்கலாம் என்று கேட்டார். பேச்சு நின்றது. சின்னச்சாமி தோட்டத்து மோட்டார் ரூமில் படுக்கை போட்டுக்கொண்டார்.

முதலில் சின்னச்சாமி மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தார். எந்த விரலும் எடுக்கவில்லை. மெஷினையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு எழுந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அடுத்து மயிலாத்தாள் உட்கார்ந்தார். அவசரத்தில் முன்னவரின் எண்ணை மாற்றாமலேயே விரலை வைக்கச் சொல்லிவிட்டேன். பச்சை எரிந்தது. திரையைப் பார்த்தால், சின்னச்சாமி, ஆண், மஸ்டரிங் முடிந்தது என்று இருக்கிறது. படபடப்போடு மயிலாத்தாளின் எண்ணைப் போட்டு அதே விரலை வைத்தேன். சிவப்பு. பத்து விரலுக்கும் சிவப்பு, கண்ணை வைத்தாலும் சிவப்பு. வங்கியைப் போல முகம் காட்டுகிற வசதி மஸ்டரிங்கில் கிடையாது.

பதிந்ததை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. சின்னச்சாமி உயிரோடு எழுந்து போனதைச் சற்று முன்தான் பார்த்தேன், பொய் ஒன்றும் நடக்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டு பேரின் ரேகையும் ஆதாரில் இடம் மாறிக் கிடக்கிறது என்று மயிலாத்தாளுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் தன் விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அப்ப அவரு உசுரோட இருக்கறத நான் வந்து சொல்லோணும், நான் இருக்கறத அவரு வந்து சொல்லோணும். நல்லா இருக்குதுங்க" என்றார்.

சொல்லாத பேர்

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்ட நாளில் கூட்டம் தாங்கவில்லை. போட்டோவுக்கு ஒரு மேஜை, விரலுக்கும் கண்ணுக்கும் இன்னொரு மேஜை. போட்டோ எடுத்துவிட்டு இருவரும் இரண்டாவது மேஜையில் காத்திருந்தார்கள். சின்னச்சாமி பீடி பிடிக்க வெளியே போன நேரத்தில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். மெஷின்காரர் தலையை நிமிர்த்தாமல், கைக்கு எட்டிய இந்த அம்மாவின் கையை இழுத்துக் கண்ணாடியில் வைத்துவிட்டார். திரும்பி வந்தவரை "அடுத்தது" என்று உட்கார வைத்தார்கள். பென்ஷன் அனுமதியானதே சமீபத்தில்தான். ரேஷன் எப்போதும் மகன் போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பரில் வந்துகொண்டிருந்தது. அதனால் விஷயம் இத்தனை வருஷம் உள்ளேயே தூங்கியிருக்கிறது.

கண்ணாடியில் கையை வைத்தபோதே தப்பு என்று தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மயிலாத்தாள் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னவர் இல்லை. "அது என்ற பேரு இல்லீங்கன்னா, பின்ன யாரு பேருன்னு கேப்பாங்க. அதச் சொல்லோணுமேன்னு கைய வெச்சுட்டு வந்துட்டேனுங்க" என்றார்.

காகிதம் இல்லாத கேஸ்

விரல் தேய்ந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸில் நேரில் பார்த்து, இவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பார்கள். மயிலாத்தாளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். அங்கே இருந்தவர் தங்கமான மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டார். ஆனால் மயிலாத்தாளின் விரல் தேயவில்லையே. வேறொரு ஆம்பளை பேரில் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே. அதற்கு எழுதிக் கொடுக்க அவரிடம் காகிதம் இல்லை. முதலில் ஆதாரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். திருத்தத்துக்கு மனு அனுப்பினேன். அனுமதி வர மாதக் கணக்காகும் என்று தெரிந்தது. மஸ்டரிங் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சின்னச்சாமி வந்து ஒரு தடவை விரலை வைத்தால் தீர்ந்தது. அந்த வாரம்தான் அவர், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை செய்யும் மகனிடம் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கும் உடும்பஞ்சோலைக்குக் கிளம்பிவிட்டார். தன்னுடைய மஸ்டரிங் மனைவியின் விரலில் முடிந்துவிட்டது என்பதுகூட அவருக்குத் தெரியாது. நான் போன் செய்து ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டார். நீங்களே பேசிப் பாருங்கள் என்று மயிலாத்தாளிடம் போனை நீட்டினேன். வாங்கவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. "எருமையும் போச்சு. இதுவும் நின்னா உப்பு வாங்கறதுக்கும் அடுத்தவங்ககிட்டக் கை நீட்டித்தானுங்க நிக்கோணும்" என்றார்.

உடும்பஞ்சோலையிலிருந்து போன்

மஸ்டரிங்கை மாநிலத்தில் எந்த மையத்திலும் செய்யலாம். உடும்பஞ்சோலையில் மையம் நடத்துகிற முருகேசன் பயிற்சி வகுப்பில் எனக்குப் பழக்கமானவர். அவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஒங்க ஊருப் பெரியவரு ஒருத்தரு வந்து, ஒரு பொம்பளை நம்பரக் குடுத்துத் தன் வெரல வைக்கணுங்காரு. போலீஸக் கூப்பிடவா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. கதையைச் சொன்னேன். அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்காமல் செய்ய மாட்டேன் என்று முருகேசன் கறாராக நின்றார், அதுவும் சரிதான். மயிலாத்தாளை வரவழைத்து வீடியோவில் காட்டினேன். அந்த அம்மா முருகேசனுக்கு ஒரு கும்பிடு போட்டார். பின்னால் தெரிந்த சின்னச்சாமியைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அங்கேயும் சிவப்புதான் எரிந்தது. சின்னச்சாமி சும்மா இருக்கப் பிடிக்காமல் மகன் வேலை செய்கிற ஸ்டோரிலேயே சேர்ந்திருக்கிறார். உலர்ந்த ஏலக்காயைச் சூட்டோடு கம்பி வலையில் தேய்த்துக் காம்பு போக்குகிற வேலை. விரல் நுனி தோல் உரிந்து வெளுத்துவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்றால், இடையில் புரை ஆபரேஷன் ஆகியிருந்ததால் அதுவும் ஒத்துவரவில்லை. தேங்காய் எண்ணெய் வைத்தியத்தை நான் சொன்னேன், ஆனால் வேலைக்குப் போனால் எண்ணெயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மனிதர் இனி வர மாட்டார் என்றே நினைத்தேன்.

அவர் வேலையை நிறுத்திவிட்டார். மகன் சத்தம் போட்டிருக்கிறான், ஸ்டோர்க்காரர் ஆளை மாற்றிவிடுவேன் என்றிருக்கிறார். இவர் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, விரலால் ஒரு கதவைக்கூடத் தள்ளாமல், தோளால் தள்ளித் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருமகள் சோற்றைக் கரண்டி போட்டுக் கொடுத்தாளாம். தினமும் மத்தியானம் முருகேசனிடம் வந்து விரலை வைத்துப் பார்ப்பார்; சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இங்கே மயிலாத்தாள் அதே நேரத்துக்கு என் பெஞ்சில் வந்து உட்காருவார். எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கடைசித் தேதியன்று போன் வந்தது. பச்சை எரிந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். அடுத்தவர் பென்ஷனுக்காகவா இத்தனை நாள் கூலியை விட்டீர்கள் என்று பெரியவரைக் கேட்டதாகவும், அவர் சொன்ன பதில் தனக்கு முழுசாக விளங்கவில்லை என்றும் முருகேசன் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. அவர் சொன்னது இதுதான்: "கையி என்றதுதானுங்க, வெரலு அவளுது. அவளக் கேக்காம நான் எப்பிடித் தேய்க்கறது?"

திருத்தம்

திருத்த அனுமதி வர மழைக்காலம் ஆகிவிட்டது. இருவரும் ஒரே நாளில் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. சின்னச்சாமி முந்தின நாளே மலையிறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றார். மயிலாத்தாள் பத்து மணி பஸ்ஸில் வந்தார். பெஞ்சில் மறுபடியும் ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்தார்கள். நான் மெஷினைத் தயார் செய்தேன். முதலில் யார் என்று கேட்டதும் சின்னச்சாமி எழுந்தார். எழுந்தவர் மெஷின் பக்கம் வராமல் மனைவியின் பக்கம் திரும்பினார். எருமை போன நாளுக்குப் பிறகு அவர் அந்த அம்மாவிடம் பேசியதை அன்றுதான் ஊர் கேட்டது. இது இப்படியே மாறிக் கிடக்கட்டுமா, உனக்கு நான் வேண்டியிருக்கும், எனக்கு நீ வேண்டியிருக்கும், வருஷா வருஷம் சேர்ந்து வந்து வைத்துவிட்டுப் போகலாமே, என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

மளிகைக் கடையில் தராசுச் சத்தம்கூட நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே, வேண்டாம், திருத்தாமல் விட்டுவிடலாம் என்று சொல்லத் தோன்றியது. இவ்வளவு ஆசையாக ஒரு மனிதர் கேட்டு நான் பார்த்ததில்லை. மயிலாத்தாள் முந்தானையால் வலது கையைத் துடைத்துக்கொண்டார், ஒவ்வொரு விரலாக. பிறகு எழுந்து வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"கேட்டீங்களே, அதுவே எனக்குப் போதுமுங்க. ஊட்டுக்கு வாங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். ஆனா என்ற வெரலு இனி என்ற கையிலயே இருக்கட்டும்" என்றார்.

ஊர் முழுக்க யார் யார் என்று அடையாளம் காட்டுவதே தொழிலாகிப்போனாலும், என் மையத்துக்கு மட்டும், விரல் வைத்துத் திறக்கிற பூட்டெல்லாம் வேண்டாம் என்று, நான் இன்னும் பழைய பூட்டும் சாவியும்தான் போட்டு வைத்திருக்கிறேன்.